கசப்பின் அளவு

ஈரலில் ஒட்டியிருக்கும் பச்சைப் பையைக் கறிக்கடைக்காரர் எவ்வளவு பக்குவமாக அறுத்தெடுக்கிறார் என்பதை ஈரல் வாங்கியவர் யாவரும் அறிவர். அது உடைந்தால் ஈரல் முழுவதும் கசந்துவிடும். அப்பையில் உள்ள பித்த அமிலங்களைக் கொலஸ்ட்ராலிலிருந்து ஆக்குவது ஈரலே. குடலில் கொழுப்பைச் செரிக்க உதவிய பின், நூற்றுக்குச் சுமார் 95 பங்கு ஈரலுக்கே திரும்பிவிடுகிறது. ஆகவே, உடலெங்கும் ஓடும் ரத்தத்தில் அது மிகச் சொற்பமே.

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு எட்டாம் மாதம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஓயாத அரிப்பு, இரவெல்லாம் உறக்கமில்லை. தோலில் தடிப்பில்லை, கண்ணில் மஞ்சளில்லை. "சூடு புள்ள, வெளக்கெண்ணெயத் தேச்சுக் குளி" என்றார் அம்மாயி. டாக்டரம்மாவோ, ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். கர்ப்ப காலத்தில் சிலருக்கு ஈரலிலிருந்து பித்தம் இறங்குவது தடைப்பட்டு, ரத்தத்தில் ஏறிவிடுமாம்.

எங்கள் ஆய்வகத்தில் சிறுநீரின் மேல் கந்தகப் பொடி தூவுவோம். பித்த உப்பு இருந்தால் பரப்பு இழுவிசை குறைந்து பொடி மூழ்கும். 1844-இல் ஜெர்மானியர் பெட்டன்கோஃபர், பித்தத்துடன் சர்க்கரையும் கந்தக அமிலமும் சேர்த்துச் செந்நீல நிறம் கண்டார். இவை 'உண்டா, இல்லையா' என்பதையே சொல்லும். 'எவ்வளவு' என்றறிய, இன்று பித்த அமிலத்தின்மீது வினைபுரியும் நொதியை ரத்தத்தின் சீரத்தில் சேர்த்து, எழும் நிற மாற்றத்தைக் கருவியால் அளக்கிறார்கள். ஈரல் திசுவானால் அரைத்து, ஆல்கஹாலில் பிரித்தெடுத்து, புரதத்தை நீக்கிய பிறகே அளக்க இயலும். கர்ப்பிணியிடம் ஈரல் துணுக்கு கேட்கலாகுமா? ரத்தமே ஈரலின் தூதுவன்!

வெறும் வயிற்றில் லிட்டருக்கு 10 மைக்ரோமோலுக்குள் இருப்பதே பொதுவாக இயல்பு. அக்காவுக்கு 52. அது 100-ஐ எட்டினால் சிசு வயிற்றிலேயே இறக்கும் ஆபத்து கூடுகிறது என்று 2019-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. எனவே வாரந்தோறும் அளந்தார்கள். ஒவ்வொரு தாளும் வரும்வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. 38-ஆம் வாரத்தில் வலி வரவழைத்தார்கள். பெண் குழந்தை, இருவரும் நலம். அரிப்பும் சில நாட்களில் நீங்கிற்று.

எங்கள் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டையைத் தராசில் ஏற்றாமல் பணம் கைமாறாது. ஆனால், பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி "அரிக்கிறது" என்றால் மட்டும், கண்ணால் பார்த்தே "ஒன்றுமில்லை" என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோமே! தக்காளிக்குத் தரும் மதிப்பை அவள் சொல்லுக்கும் தருவோம், அளந்து பார்ப்போம்.