ஆளுக்கொரு சாவி

இடுப்பில் சாவிக் கொத்தைச் செருகிக்கொண்டு நடமாடுகிறவள்தான் வீட்டின் எஜமானி என்பது நம் பாட்டிமார் காலத்துச் சட்டம். அரிசி அறைக்கு ஒன்று, பணப் பெட்டிக்கு ஒன்று, ஊறுகாய் அலமாரிக்கு ஒன்று என்று அந்தக் கொத்தின் கனத்தைப் பார்த்தே குடும்பத்தின் அந்தஸ்தை எடை போட்டுவிடலாம். மாமியாரிடமிருந்து மருமகள் கைக்கு அது எப்போது மாறும் என்பதை வைத்து எத்தனை தொடர்கதைகள் ஓடியிருக்கின்றன! இந்தக் காலத்தில் அந்தக் கொத்து இடுப்பை விட்டுத் தலைக்குள் ஏறிவிட்டது. கடவுச்சொல் என்று அதற்குப் பெயர்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் மாகறல். ஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். சுவாமி உடும்பின் வாலைப் போன்ற திருமேனியோடு எழுந்தருளியிருக்கிறார். அதனால்தானோ என்னவோ, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். பட்டுச் சேலை வியாபாரத்துக்குக் கணினி வந்தபோது என் மாமனார் ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டார். "நான்கு பேர் வேலை செய்கிற இடம். எல்லாருக்கும் ஒரே சொல்லாக வைத்துவிடு. எனக்கும் ஞாபகம் இருக்கும்." அந்தச் சொல் தினசரிக் காலண்டரின் அட்டையில் பென்சிலால் எழுதப்பட்டது. பால்காரர்கூடப் படித்திருப்பார்.

கணக்குக்கு ஒரு நிரல், சரக்கு இருப்புக்கு ஒன்று, சம்பளத்துக்கு ஒன்று, தபாலுக்கு ஒன்று. நான்கும் 'கிளவுட்' என்கிறார்களே, அந்த ஜாதி. நம் வீட்டுக் கணினியில் ஒன்றும் இராது. எங்கோ இருக்கும் பெரிய கணினிகளில் இருக்கும். நாம் மாத வாடகை கொடுத்துத் தொலைவிலிருந்தே உபயோகிக்கிறோம். ஆகவே, சொல் தெரிந்த யாரும் எந்த ஊரிலிருந்தும் நுழைந்துவிடலாம்.

ஓர் ஆடி மாதம். ஜரிகை இருப்பில் பன்னிரண்டு மார்க்கு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு என்று காட்டியது. யார் மாற்றினார்கள் என்று பார்த்தால், கடையின் பெயர்தான் இருக்கிறது. எல்லாரும் அந்தப் பெயரில்தானே நுழைகிறோம்! ஜரிகை விற்கும் விலையில் பத்து மார்க்கு என்றால் சும்மாவா? வீட்டில் எல்லாருடைய பார்வையும், கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணின் பக்கம் திரும்பியது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது அவள் பதில் சொல்லியிருப்பாள். மத்தியானம் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள். இப்படி மூன்று நாள்.

நாலாம் நாள் பீரோவைக் காலி செய்து எண்ணினோம். பன்னிரண்டு மார்க்கும் பத்திரமாக இருந்தன. யாரோ தட்டும்போது முதல் இலக்கமான ஒன்று விழாமல் போயிருக்கிறது. யார் என்பது இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் கிடையாது.

அன்று மாலை அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்கு என் பேரிலேயே ஒரு சாவி கொடுங்க. நான் பண்ணின தப்பு என் பேரில் இருக்கட்டும். மத்தவங்க பண்ணினது எனக்கு வேண்டாம்" என்றாள். எவ்வளவு நியாயமான வார்த்தை!

சென்னையில் கணினி உத்தியோகம் பார்க்கும் என் கொழுந்தனார் மகனைக் கூப்பிட்டனுப்பினேன். அவன் கேட்டுவிட்டுச் சிரித்தான். "பெரியம்மா, இப்போது எல்லாருக்குமாக ஒரே சாவி வைத்திருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு சாவி வேண்டும். அந்த ஒரு சாவி நான்கு கதவையும் திறக்க வேண்டும். இதற்கு ஒற்றை உள்நுழைவு என்று பெயர்" என்றான்.

கடவுச்சொல்லின் பூர்வ கதையையும் அவனே சொன்னான். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கலாசாலையில் கார்பட்டோ என்பவரின் குழுவினர், பலர் பங்கிட்டு உபயோகிக்கும் கணினி ஒன்றை 1961-ல் நடத்திக் காட்டினார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கே இருக்கட்டும் என்று அதில் கடவுச்சொல்லை வைத்தார்கள். மறு வருஷமே ஆலன் ஷெர் என்ற மாணவர், வாரத்துக்கு அனுமதித்த மணி நேரம் போதவில்லை என்று, எல்லாருடைய சொற்களும் அடங்கிய பட்டியலையே அச்சடித்து எடுத்துக்கொண்டுவிட்டார்! பிறந்த குழந்தைக்கு முதல் ஆண்டு நிறைவதற்குள் திருட்டு.

ஒற்றை உள்நுழைவில் அந்தத் தொந்தரவு குறைவு. வாசலில் ஒரே ஒரு காவல்காரர். கடவுச்சொல்லை அவரிடம் மட்டும் சொல்கிறோம். அவர் நம்மைச் சரிபார்த்து, முத்திரை குத்திய சீட்டு ஒன்றைக் கொடுத்தனுப்புகிறார். "இவர் இன்னார், இந்த இடத்துக்குப் போகிறார், சில நிமிஷங்களுக்குத்தான் செல்லும்" என்று அதில் இருக்கும். கணக்கு நிரலோ சம்பள நிரலோ சீட்டின் முத்திரையைப் பார்த்து உள்ளே விடுகிறது. நம் கடவுச்சொல்லை அது கண்ணால் பார்ப்பதே இல்லை. சீட்டு எப்படி இருக்கவேண்டும் என்பதற்குப் பல கம்பெனிகள் கூடி வகுத்த பொது விதிகளில் ஒன்று ஸாமல். அதன் இரண்டாம் பதிப்பு 2005-ல் வந்தது.

இதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்று நினைக்க வேண்டாம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஸோஹோ என்று பெயர் மாறிய நம் தமிழ்நாட்டு நிறுவனம், தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில்கூட ஆபீஸ் வைத்து, சிறு வியாபாரிகளுக்கும் இத்தகைய நிரல்களை விற்கிறது. தன்னுடைய நிரல்கள் பலவற்றை ஒரே கணக்கின் கீழ்க் கட்டி 2017-ல் 'ஸோஹோ ஒன்' என்று வெளியிட்டது. மத்திய சர்க்காரும் 2022-ல், பல இலாகாக்களின் சேவைகளுக்கு ஒரே அடையாளத்தோடு நுழைவதற்கு 'மேரி பெஹ்சான்' ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. பல நிரல்களில் இந்த வசதி, அதிக வாடகைத் திட்டத்தில்தான் கிடைக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுத் தாழ்ப்பாளுக்குத் தனி வாடகை கேட்பது போல இல்லையா இது? எங்கள் சம்பள நிரலுக்கும் அப்படி அதிகம் கட்டத்தான் வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தது. முதலில் எங்கள் கடைப் பெயரிலுள்ள இணைய விலாசம் எங்களுடையதுதான் என்று நிரூபிக்க வேண்டும். காவல்காரர் ஒரு ரகசிய வரியைக் கொடுப்பார். அதை அந்த விலாசத்தின் பதிவேட்டில் எழுதிவைத்தால், அவர் வந்து பார்த்து ஒப்புக்கொள்வார். சொந்தக்காரரைத் தவிர வேறு யார் அங்கே எழுத முடியும்? பிறகு, நிச்சயதார்த்தத்தில் சம்பந்திகள் தட்டு மாற்றிக்கொள்வார்களே, அப்படி ஒரு சடங்கு. நிரலின் தட்டில் அதன் பெயரும், சீட்டு வந்து சேரவேண்டிய விலாசமும். காவல்காரர் தட்டில் அவருடைய வாசல் விலாசமும், முத்திரையைச் சரிபார்ப்பதற்கான சான்றிதழும். இதை அதிலும் அதை இதிலும் எழுத்துப் பிசகாமல் பதிய வேண்டும். ஆட்களின் மின்னஞ்சல் விலாசமும் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். என் கணவருக்கு ஒரு பக்கம் பழைய விலாசம் இருந்ததால் சொந்தக் கடைக்கே அவர் அந்நியராகிவிட்டார். திருத்தியபின் சேர்த்துக்கொண்டார்கள்.

மாமனார் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்டா பேராண்டி, ஒரு சாவியில் நாலு கதவும் திறக்கும் என்கிறாயே, அந்தச் சாவி திருடன் கையில் அகப்பட்டால்?" என்றார்.

"அதற்குத்தான் தாத்தா இரண்டாவது தாழ்ப்பாள்" என்று அவர் கைப்பேசியில் ஒரு செயலியைப் போட்டான். முப்பது விநாடிக்கு ஒரு தடவை ஆறு இலக்க எண் மாறிக்கொண்டே இருக்கும். கடவுச்சொல்லுக்குப் பிறகு அதையும் சொல்ல வேண்டும். எங்கள் எல்லாருக்கும் நடந்தது. மாமனாருக்கு மட்டும் நடக்கவில்லை. எத்தனை தடவை தட்டினாலும் 'தவறு' என்றே வந்தது. அரை மணி நேரம் மூளையைக் குழப்பிக்கொண்டபின் காரணம் அகப்பட்டது. காஞ்சிபுரம் பஸ் தவறிவிடக் கூடாதென்று அவர் தம் கைப்பேசிக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்! அந்த எண் நேரத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. கடிகாரத்தைச் சரியாக வைக்க அவரைச் சம்மதிக்கச் செய்ததுதான் அன்றைய வேலையிலேயே கஷ்டமானது.

இன்னும் இரண்டு ஜாக்கிரதைகள் சொன்னான். முதலில் ஒருவரை மட்டும் புது வழியில் விட்டுப் பார்த்துவிட்டே பழைய கதவுகளை அடைக்க வேண்டும். அவசர கணக்கு ஒன்றைப் புது வழிக்கு வெளியே வைத்துக்கொள்ள வேண்டும். காவல்காரரே ஒருநாள் படுத்துவிட்டால் உள்ளே போக அதுதான் வழி. அதன் நீண்ட கடவுச்சொல்லை உறையில் இட்டு ஒட்டி இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். சான்றிதழுக்கும் கெடு உண்டு. எங்களுடையதற்கு மூன்று வருஷம். முடியும் நாளைச் சமையலறைக் காலண்டரில் குறித்திருக்கிறேன். வங்கியும் ஜி.எஸ்.டி. வலைத்தளமும் இந்தக் கூட்டில் சேரவில்லை. அவற்றுக்குத் தனிச் சாவிதான்.

மறு வாரமே எங்கள் வீட்டுப் பேச்சு மாறிவிட்டது. இருப்பில் ஏதாவது இடித்தால், யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, பதிவைத்தான் பார்க்கிறோம். ஒரு தடவை பட்டு நூல் எடை இடித்தது. பதிவைத் திறந்தால் மாமனாரின் பெயர்! "கண்ணாடியை மாற்ற வேண்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

அவளுக்குப் போன தை மாதம் ஆரணியில் கல்யாணம் நிச்சயமாயிற்று. பழைய ஏற்பாடாக இருந்தால், ஒருவர் வேலையை விட்டதும் நான்கு கடவுச்சொல்லையும் மாற்றி, எல்லாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டும். போகிறவள் மனசிலும் ஏதோ தைக்கும். இப்போது காவல்காரர் பட்டியலில் ஒரு பெயரை நிறுத்தினால் போதும். கடைசி நாள் மாலை அவளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாம்பழ மஞ்சள் உடலில் அரக்குக் கரை போட்ட சேலை ஒன்றைக் கல்யாணத்துக்கு அவளுக்குக் கொடுத்திருந்தோம். அதை இருப்பிலிருந்து கழித்து, 'அன்பளிப்பு' என்று தன் கையாலேயே பதிந்தாள். பிறகு, "என்னுடையதை மூடிடுங்க அக்கா" என்றாள். அவள் பெயரை நிறுத்தினேன். ஏற்கெனவே திறந்திருந்த பக்கங்களிலிருந்தும் வெளியேற்ற இன்னொரு பொத்தான் உண்டு, அதையும் அழுத்தினேன். அவள் எழுதிய வரிகள் மட்டும் அவள் பெயரிலேயே அப்படியே இருக்கின்றன.