ஓடும் வழங்கியில் ஒரு பொதி

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபொழுது, கணினித் தொழிலிற் கழிந்த காலத்தைப் பற்றி யாது எழுதுவதென மலைத்தோம். வெற்றிகளை எழுதுவார் பலர் உளர். எமது தவறொன்றையே எழுதத் துணிந்தோம்.

2011ஆம் ஆண்டிற் கொழும்பிலே நிதி நிறுவனமொன்றிற் கடமையாற்றினோம். ஆங்கு வலைச் செயலிகள் பல ஒரே வழங்கிக் கணினியில் இயங்கின. ஒன்றில் ஓரெழுத்தைத் திருத்தினும் வழங்கி முழுவதையும் நிறுத்தல் வேண்டும். அதற்கென நள்ளிரவுவரை விழித்திருந்த நாட்கள் பல. இத்தொல்லைக்கு மருந்தாய் வாய்த்தது, ஜாவா மொழிக்கமைந்த ஓ.எஸ்.ஜி.ஐ. என்னும் சட்டகம். 1999இல் வீட்டுச் சாதனங்களை வலையோடு இணைத்தற்பொருட்டுத் தொடங்கிய இம்முயற்சி, 2010இல் வெளிவந்த விதிகளால் வலைச் செயலிகளையும் தன்பால் ஏற்றது. செயலி ஒவ்வொன்றும் ஒரு பொதி. பொதியைத் தொடக்கினால் அதற்குரிய வலைப்பாதை திறக்கும், நிறுத்தினால் மூடும், அயற்பொதிகள் தம்பாட்டில் இயங்கும். இரு பொதிகள் ஒரே பாதையைக் கோரின், முன்னர் அமர்ந்தது விலகும்வரை மற்றையது காத்திருக்கும். (விடுதிப் போசனசாலையில் இவ்வொழுங்கை நாம் கண்டதில்லை.)

ஒரு பொதி தன் சேவையைப் பதிவேட்டில் இடும். வேண்டும் பொதி ஆங்கு கேட்டுப் பெறும். வட்டிவீதச் சேவையை வைப்புச் செயலி அவ்வாறே பெற்றது. பெற்றதை மீண்டும் மீண்டும் கேட்பானேன் எனக் கருதிய நாம், அதனை நிரலுக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டோம். வேகம் கூடிற்று, பெருமையும் கொண்டோம்.

ஒருநாட் காலை வட்டிவீதப் பொதியை மாற்றினோம். எவர் வேலையும் தடைப்படவில்லை. பிற்பகலில், ஓய்வூதியம் பெறும் மூதாட்டியொருவர், அறிவித்தற் பலகையில் ஒரு வீதமும் தமது வைப்புச் சான்றிதழில் வேறொரு வீதமும் இருப்பதைக் காட்டி முறையிட்டார். புதிய பொதி ஒழுங்காகவே இயங்கிற்று. வைப்புச் செயலியோ, பதிவேட்டினின்று நீங்கிய பழைய சேவையை விடாது பற்றியிருந்தது. பற்றியவர் விடாதவரை அது நினைவகத்திற் கிடந்து பழைய விடையையே சொல்லும். பிழைச்செய்தியாவது எழுந்திருப்பின் காலையிலேயே அறிந்திருப்போம்!

அன்றைய வைப்புகளை இரவிரவாகத் திருத்தினோம். மறுவாரம், சேவையின் வரவையும் நீக்கத்தையும் கவனிக்கும் கண்காணிப்பியை இணைத்து, பழைய பிடியை அகற்றினோம். முகாமையாளர் எம்மைக் கடியவில்லை. மூதாட்டிக்குக் கடிதமெழுதும் பணியை மட்டும் எம்மிடம் விட்டார். சட்டகம், பொதி, பதிவேடு என்றெல்லாம் எழுதிக் கிழித்தபின், தவறு எம்முடையதென இரண்டு வரியில் எழுதி அனுப்பினோம்.