கோயமுத்தூர்க் கொண்டி

கோயமுத்தூருக்கு வருகிற பிரயாணிகள் சாதாரணமாகப் பார்த்துவிட்டுப் போகிற இடங்கள் சில உண்டு. பேரூரில் பட்டீசுவரரைத் தரிசித்துக் கனகசபைச் சிற்பங்களைக் கண்டு வியப்பார்கள். மருதமலைப் படியேறி முருகனை வணங்குவார்கள். சிறுவாணித் தண்ணீரைக் குடித்து, அதன் சுவையைப் புகழ்ந்துகொண்டே உதகமண்டலத்துக்கு வண்டியேறிவிடுவார்கள். இவையெல்லாம் பார்க்கத் தக்கவைதாம். ஆனால் கொங்கு நாட்டின் இயல்பை அறிய விரும்புகிறவர்கள் இன்னும் ஓரிடத்தையும் பார்க்க வேண்டும். அதற்குக் கோபுரமில்லை, தேரில்லை. தகரக் கொட்டகையும் எண்ணெய்க் கறை படிந்த பலகையும்தான் உண்டு. பட்டறை என்று அதற்குப் பெயர்.

இந்த ஊரில் பட்டறைகள் பெருகியதற்குத் தக்க காரணம் இருக்கிறது. கொங்கு மண் மழையை அதிகம் நம்பக் கூடாத மண். கிணற்றுத் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். அதை மேலே கொண்டுவரப் பம்பு வேண்டும். பம்புக்கு மோட்டார் வேண்டும். இரண்டையும் வார்க்கப் பவுண்டரி வேண்டும். 1930-களில் நீலகிரியிலிருந்து பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்ததும் பஞ்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. தென்னிந்திய மான்செஸ்டர் என்று பெயரும் வந்தது. ஆனால் ஆலையில் ஒரு பல்சக்கரம் உடைந்தால் அசல் மான்செஸ்டருக்குக் கடிதம் எழுதிவிட்டுக் கப்பல் வருகிற வரையில் காத்திருக்க முடியுமா? உடைந்ததை முன்னே வைத்துக்கொண்டு, அதைப் போலவே இன்னொன்று செய்யக் கற்றுக்கொண்டார்கள். சுதேசியம் என்பது இவ்வூரில் மேடைப் பேச்சாக மட்டும் இருக்கவில்லை. அரமும் சுத்தியலுமாகவும் இருந்தது.

இந்தக் குணத்துக்கு உருவம் கொடுத்தாற்போல வாழ்ந்தவர் ஜி. டி. நாயுடு. 1893-இல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவரிடம் நெடுநாள் தங்கவில்லை. வாலிபத்தில் ஓர் ஆங்கில அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதையே விலைக்கு வாங்கினார் என்பது கோவையில் குழந்தைகளும் அறிந்த கதை. வாங்கியவர் அதில் ஏறி ஊரைச் சுற்றியதைவிட முக்கியமானது, அதைத் துண்டு துண்டாகக் கழற்றி மீண்டும் பூட்டியதுதான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார். அதிலிருந்து யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனம் வளர்ந்தது. அவர் 1974-இல் மறைந்தார். அவர் நினைவைப் போற்றும் ஜீடி கார் மியூசியம் 2015-இல் அவிநாசி ரோட்டில் திறக்கப்பட்டது. 1886-ஆம் ஆண்டின் மூன்று சக்கர பென்ஸ் வண்டியின் மாதிரி முதலாக, மோட்டார் வண்டியின் வம்ச சரித்திரத்தையே அங்கே வரிசையாகக் காணலாம்.

மியூசியத்தில் நிற்கும் வண்டிக்கு மழை பயமில்லை. நம் நண்பர் வீட்டு வண்டிக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. அது அவருடைய தகப்பனார் வாங்கிய பழைய ஆங்கில வண்டி; கான்வாஸ் கூரையை மடக்கித் திறந்துகொள்ளக் கூடியது. ஆனி மாதத்தில் ஒரு நாள் கூரையை மூட முயன்றபோது, இடப்பக்கத்துக் கொண்டி பாதி வழியில் சிக்கிக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோ தூறலைச் சுமந்துகொண்டு வந்துகொண்டிருந்தது. நனைந்தால் ஆசனங்களும் அடித்தட்டும் கெட்டுப்போகும். கொண்டியை அறுத்தெறிந்துவிட்டு, போல்ட்டும் நட்டும் வைத்து முடுக்கிவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நண்பரும் மனம் தளர்ந்து, வண்டியையே விற்றுவிடத் துணிந்துவிட்டார்.

இந்தக் கொண்டியின் அமைப்பு எளியது. கூரையின் முன் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கொக்கி இருக்கும். அது கண்ணாடிச் சட்டத்தின் மேலுள்ள பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். பிறகு கைப்பிடியை மடக்கினால் கொக்கி இழுபட்டுக் கூரை இறுகும். கைப்பிடி நடு நிலையைத் தாண்டிவிட்டால் அந்த இழுப்பே அதைப் பூட்டி வைத்துவிடும். நடு நிலைக்குச் சற்று முன்பே நின்றுவிட்டால்தான் சங்கடம்.

சிங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து அழைத்து வந்த முதிய மேஸ்திரி, கொண்டியைத் தொடவே இல்லை. கூரைத் துணியை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு நம்மை நோக்கி, “வாத்தியாரய்யா, கொண்டி மேல தப்பில்லீங்க, துணி மேலதானுங்க தப்பு” என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. கூரையை நெடுநாள் மடக்கியே வைத்திருந்தால் துணி சுருங்கிவிடும். சுருங்கிய துணி முன் சட்டத்தைப் பின்னுக்கு இழுக்கும், கொக்கி எட்டாது. எட்டாததைப் பலவந்தமாக எட்டவைத்தால் முழுப் பாரமும் அச்சாணியில் விழும். அந்த அச்சாணியிலோ பழைய கிரீஸ் தூசியோடு சேர்ந்து கெட்டியாகிக் கிடந்தது. கைப்பிடி துத்தநாகக் கலவை வார்ப்பு. முரட்டுத்தனம் செய்தால் வளையாது, ஒடியும். நெம்புகிறவனுடைய திருப்புளி வழுக்கினால் முன் கண்ணாடியும் போகும்.

“அவசரப்படாதீங்க, வெயில் வரட்டுமுங்க” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மேகம் விலகி இரண்டு மணி நேரம் வெயில் அடித்தது. துணி சூடேறி இளகியது. அதற்குள் அச்சாணியில் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்தார். தேங்காய் எண்ணெய் விடலாமா என்று நண்பர் கேட்டார். அது குளிரில் உறைந்து, நாளடைவில் பிசினாகிவிடும் என்று மறுத்துவிட்டார். பிறகு இரண்டு பையன்களை இரு பக்கமும் நிறுத்தி, முன் சட்டத்தை ஒரே சமயத்தில் முன்னுக்கும் கீழுக்கும் அழுத்தச் சொன்னார். பாரம் இறங்கியது. பெருவிரல் ஒன்றாலேயே கைப்பிடி பின்னுக்கு வந்துவிட்டது!

வேலை அத்துடன் முடியவில்லை. இரண்டு கொக்கிகளையும் ஸ்கேல் வைத்து அளந்தார். கொக்கியின் தண்டில் மரை உண்டு. அதைத் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முன்பு யாரோ இடப்பக்கத்தை மட்டும் முடுக்கிவிட்டிருந்தார்கள். அதனால் சட்டம் கோணலாக இழுபட்டிருந்தது. அரைச் சுற்று, மீண்டும் அரைச் சுற்று என்று தளர்த்தி இருபுறமும் சமமாக்கினார். பழைய கிரீஸை மண்ணெண்ணெயால் துடைத்து, புதியதை மெல்லத் தடவினார். நிறுத்தி வைக்கும்போது கூரையை மூடியே வைக்க வேண்டும் என்றும், நனைந்த துணியை மடக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டார். வாங்கிய கூலி 600 ரூபாய். வண்டியை விற்கும் பேச்சு அன்றோடு நின்றது.

ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் புராதன வாகனங்களாகத் தனியே பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021-இல் விதி வகுத்தது நல்ல காரியம். எஞ்சினும் சட்டகமும் உடலும் பெரிதும் மாற்றப்படாதிருந்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். வண்டிக்கு விதி வந்துவிட்டது. அதைப் பழுது பார்க்கும் கைக்கு என்ன செய்திருக்கிறோம்? அந்த மேஸ்திரிக்குப் பின் அவர் பட்டறையை நடத்த ஆளில்லை. சட்டத்தை அழுத்திப் பிடித்த பையன்கள் இருவரும் ஷோரூம் வேலையையே விரும்புகிறார்கள். அங்கே கெட்டதைக் கழற்றி எறிந்து புதியதைப் பொருத்துவார்கள். ஏன் கெட்டது என்று கேட்க நேரமில்லை. நெம்புகோல் தத்துவத்தைப் பரீட்சையில் பிழையின்றி எழுதும் நம் மாணவர்களிலும் ஒரு நெம்புகோலைக் கையில் பிடித்தவர்கள் சொற்பமே.

சிக்கிய இடம் வேறு, சிக்கலின் காரணம் வேறு என்பதைக் கண்டறியும் புத்தி, ஆலைக்கும் வீட்டுக்கும் தேசத்துக்கும்கூட வேண்டியதுதான். கோவைக்குச் செல்லும் நேயர்கள் கார் மியூசியத்தைக் குழந்தைகளுக்குத் தவறாமல் காட்டுங்கள். அப்படியே வழியில் ஏதேனும் ஒரு பட்டறை வாசலில் கால்மணி நேரம் நின்று, அங்கே நடப்பதையும் அவர்கள் பார்க்கும்படி செய்யுங்கள். அவர்களில் ஒருவனாவது அரத்தைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், வேண்டாமென்று தடுக்காதீர்கள்.