காக்காவின் கோல் கொப்பி

ஓட்டமாவடி என்ற பெயரை உலகம் அறிந்தது 2021இல். கொவிட் தொற்றினால் இறந்தவர்களைக் கட்டாயமாக எரித்துவந்த அரசு, பல மாத எதிர்ப்புக்குப் பின்னர் அவ்வாண்டு பெப்ரவரியில் அடக்கம் செய்ய அனுமதித்தது. அதற்கு ஒதுக்கப்பட்ட நிலம் ஓட்டமாவடி மஜ்மா நகரில் இருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடங்கியுள்ளனர். அந்த நிலத்தைப் பார்த்துவர, கட்டுப்பாடுகள் தளர்ந்த பின்னர் ஒருநாள் போயிருந்தேன். ஆனால் இன்று எழுத வந்தது அதைப் பற்றியன்று. திரும்பும் வழியில், பாலத்துக்கு அண்மையில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்த மனிதரைப் பற்றி.

என் கையிலிருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார். "தம்பி பேப்பர்காரரோ?"

ஒரு காலத்தில் என்றேன். எந்தப் பத்திரிகை என்றார். சொன்னேன். எண்பத்து நான்கில் அங்கே இருந்தீர்களா என்றார். இருந்தேன், விளையாட்டுப் பக்கத்தில் உதவி ஆசிரியராக என்றேன்.

அவர் சிரித்தார். "அப்ப நீங்கதான் என்ட பேர வெட்டின ஆள்."

அவருக்கு அப்போது அறுபதைத் தாண்டிய வயது. வலது முழங்கால் மடங்குவதில்லை. வீட்டுக்கு அழைத்துச் சென்றார். ஒரு தகரப் பெட்டியிலிருந்து நூற்றறுபது பக்கக் கொப்பி ஒன்றை எடுத்துத் தந்தார். ஒவ்வொரு வரியிலும் திகதி, மைதானம், எதிரணி, முடிவு, தாம் அடித்த கோல், அது விழுந்த நிமிடம். கடைசியில் இரண்டு தொகைகள். ஒன்று கழகம் கொடுத்தது, மற்றது வழிச்செலவு. சில வரிகளில் இரண்டாவது தொகை முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது.

கொப்பி 1979இல் தொடங்குகிறது. அதற்கு முந்தியது எங்கே என்று கேட்டேன். "சூறாவளி கொண்டு போச்சு" என்றார். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய அந்தக் காற்றை எங்கள் பகுதியில் எவருக்கும் விளக்கவேண்டியதில்லை.

தேசிய அணியில் அவர் ஆடியதில்லை. கொழும்பில் சோண்டர்ஸ், ரினோன் போன்ற பெரிய பெயர்களுக்கும் ஆடியதில்லை. அவர் ஆடியது அவற்றுக்குக் கீழேயிருந்த ஒரு கழகத்துக்கு. வார நாள்களில் அரிசி ஆலையில் வேலை. வெள்ளிக்கிழமை இரவு வாழைச்சேனையில் ரயிலேறினால் விடியும்போது கோட்டை நிலையம். சனியோ ஞாயிறோ ஆட்டம். ஞாயிறு இரவு மீண்டும் ரயில். திங்கட்கிழமை காலை ஆலையில் மூட்டை. ஒரு பருவத்தில் பல வாரங்கள் இப்படி. ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேச்சு, தோற்றால் பாதி. கழகச் செயலாளரின் கடைக்குப் போய்க் கேட்டு வாங்கவேண்டும். இதைத் தொழில் என்பதா, பொழுதுபோக்கு என்பதா? கொப்பியில் அவர் 'சம்பளம்' என்றுதான் எழுதியிருந்தார்.

அக்காலத்தில் நல்ல ஆட்டக்காரனுக்கு நிலையான வழி ஒன்றே. முப்படைகளிலோ பொலிஸிலோ சேர்ந்தால் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு, அணியில் இடமும் உண்டு. அவருக்கும் அழைப்பு வந்தது. ஆண்டு 1985. கிழக்கில் அந்த ஆண்டில் ஒரு முஸ்லிம் இளைஞன் சீருடை அணிந்து ஊருக்கு வருவது என்றால் என்ன என்பதை வாப்பா மட்டும் சொல்லவில்லையாம், அவருடன் ஆலையில் மூட்டை தூக்கிய தமிழ் நண்பனும் சொன்னானாம். அவர் போகவில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. அதன் பின்னர் கொப்பியில் எழுத எதுவும் இல்லை. கடைசி வரி அந்த ஆண்டு மே மாதத்துக்குரியது. அதில் ஒரு கோல் இருக்கிறது. சம்பளம் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. முழங்கால் போனதும் அந்த ஆட்டத்தில்தான். கழகத்திலிருந்து எவரும் வந்து பார்க்கவில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ரொறன்ரோ நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே என் மருமகன் என்னை ஐஸ் ஹொக்கி பார்க்க அழைத்துச் சென்றிருந்தான். புகழ்பெற்ற மேப்பிள் லீவ்ஸ் அணியின் ஆட்டமன்று. அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க அவனுடைய சம்பளம் போதாது. அதன் அடுத்த நிலை அணியான மார்லீஸின் ஆட்டம். அமெரிக்கன் ஹொக்கி லீக் எனப்படும் அந்த இரண்டாம் நிலைச் சுற்று 1936 முதல் நடக்கிறது. அங்கே ஆடுபவர்களில் பலர் மேலே போவதேயில்லை. பேருந்தில் ஊர் ஊராகச் சென்று, பல்லும் முழங்காலும் போகும்வரை ஆடி, முப்பது சொச்சம் வயதில் வேறு வேலை தேடுகின்றனர்.

அவர்களுள் ஒருவரைப் பற்றி மருமகன் சொன்னான். றொபின் பாவா. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிறந்த பஞ்சாபியர். 1989இல் வாஷிங்டன் கெப்பிட்டல்ஸ் அணிக்காக ஆடியபோது, தேசிய ஹொக்கி லீக்கில் இறங்கிய முதல் இந்திய வம்சாவளியினர் ஆனார். அந்த உச்ச மேடையில் அவருக்குக் கிடைத்தவை 61 ஆட்டங்களே. எஞ்சிய ஆண்டுகள் பெரும்பாலும் சிறிய லீக்குகளிலேயே கழிந்தன. ஆனால் அந்தச் சிறிய ஊர்களில் அவர் அடித்த கோல்களும் தண்டனையாக வெளியே அமர்ந்த நிமிடங்களும் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. 2024இல் இங்கிலாந்தின் மூன்றாம் நிலையில் இருந்த பார்ன்ஸ்லி கழகத்துக்கு ஆடத் தொடங்கிய தமிழ் இளைஞர் விமல் யோகநாதன் களத்தில் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவ்வாறே பதிவாகிறது. தோற்றவனும் பதிவில் இருக்கிறான் என்பதே அந்நாடுகளின் விளையாட்டுக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களிடம் அந்தப் பதிவேடு பத்திரிகைதான். வேறு எதுவும் இருக்கவில்லை.

கொழும்பு திரும்பியதும் தேசிய சுவடிகள் காப்பகத்துக்குப் போனேன். கொப்பியிலிருந்து ஒரு திகதியைக் குறித்துவந்திருந்தேன். 1984இல் ஓர் ஆட்டம். கொப்பியின்படி அவருடைய அணி 2-0 என வென்றது, இரண்டு கோலும் அவருடையவை, 31ஆம் நிமிடமும் 77ஆம் நிமிடமும். மஞ்சளித்த கட்டிலிருந்து திங்கட்கிழமைப் பத்திரிகையைக் கண்டெடுத்தேன். அணிகளின் பெயர்கள் இருந்தன. 2-0 இருந்தது. ஆட்டக்காரர் பெயர் ஒன்றுகூட இல்லை. மூன்று வரியோடு செய்தி முடிந்து, அதன் கீழே ஒரு சைக்கிள் விளம்பரம்.

அந்தப் பக்கத்தை அமைத்தவன் நான். அந்த மாலை எனக்கு நினைவில் இல்லை. ஆனால் வழக்கம் நினைவிருக்கிறது. விளம்பரம் பிந்தி வரும். எதையாவது குறைக்கவேண்டும். பெரிய கழகத்தின் செய்தியில் கைவைத்தால் மறுநாள் தொலைபேசி அலறும். சிறிய கழகத்தின் செய்தியில் கைவைத்தால் எவரும் கேட்கமாட்டார்கள். நிருபர் எழுதியனுப்பும் பெயர்களும் நிமிடங்களும்தான் முதலில் போகும். ஓட்டமாவடியில் ஒருவர் திங்கட்கிழமைப் பத்திரிகைக்காக மாலை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பக்கத்து வாழைச்சேனையில் வைக்கோலிலிருந்து காகிதம் செய்த பெரிய ஆலை இருந்தது. அந்த ஊர்க்காரனுக்குக் கொடுக்க எங்களிடம் இரண்டு அங்குலக் காகிதம் இருக்கவில்லை.

இலங்கையில் தொழில்முறைச் சுப்பர் லீக் 2021இல் பத்துக் கழகங்களுடன் தொடங்கப்பட்டது. 2023 ஜனவரியில் ஃபிஃபா நாட்டையே இடைநிறுத்தி, அவ்வாண்டு ஓகஸ்டில் தடையை நீக்கியது. இவை யாவும் பத்திரிகைகளில் விரிவாக வந்தன. நிர்வாகிகளின் பெயர்கள் ஒன்றுகூட விடுபடவில்லை.

மறுமுறை ஓட்டமாவடி சென்றபோது, அவரைப் பற்றி எழுதப்போவதாகவும் இம்முறை பெயரும் நிமிடங்களும் சரியாக வரும் என்றும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எழுதுங்க தம்பி. பேர் மட்டும் வேணாம்."

ஏன் காக்கா என்றேன்.

"இந்த வயசில பேர் போட்டா, என்னவோ உதவி கேக்கிறன் எண்டு நினைப்பாங்க. அண்டைக்குப் போட்டிருந்தா அது வேற."

ஆகவே இரண்டாவது முறையாகவும் அவருடைய பெயரை விட்டுவிடுகிறேன். முதல் முறை இடமில்லை என்று. இம்முறை இடம் வேண்டிய அளவு இருக்கிறது.

கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து அவருடைய பேரனின் கைப்பேசியிலும் என் கணினியிலும் சேமித்திருக்கிறேன். உங்கள் வீடுகளிலும், ஊரிலோ கடல் கடந்தோ, இப்படியொரு கொப்பி இருக்கக்கூடும். பழைய தாளென்று எறிந்துவிடாதீர்கள். அந்த ஆட்டங்களுக்கு வேறு சாட்சி இல்லை. அதற்குக் காரணமானவர்களுள் ஒருவனாக இதைச் சொல்கிறேன்.