மரப்பட்டையில் மறைந்த வண்ணம்

பார்ப்பது வேறு, காண்பது வேறு. முப்பதாண்டுக் காலம் இக்கல்லூரியின் தமிழ் வகுப்புகளில் மாணவர்க்கு இதனை எடுத்துரைத்தவன் நான். ஆயினும் அவ்வேறுபாட்டை நானே உணர்ந்தது பணி ஓய்வுக்குப் பின்னர்தான். கடல் கடந்த ஊர் ஒன்றில், பதினொரு வயதுப் பேரன் அருகில் நிற்க, ஓர் ஓக் மரத்தின் அடிப்பட்டையை உற்று நோக்கிய போதுதான் அது புரிந்தது.

2018ஆம் ஆண்டின் இறுதியில் என் துணைவியார் இறைவனடி சேர்ந்தார். தனிமையில் நான் வாடுவதைப் பொறாத என் மகள், மறு ஆண்டு கோடையில் தன் இல்லத்திற்கு என்னை அழைத்துக்கொண்டாள். அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஆம்ஹெர்ஸ்ட் என்பது அவ்வூர். எமிலி டிக்கின்சன் என்னும் பெருங்கவிஞர் 1830இல் பிறந்து 1886இல் மறைந்த ஊர் அது. அவர் வாழ்ந்த இல்லத்தைக் காணும் ஆவலோடு சென்ற என்னை, என் பேரன் பூச்சிகளின் பின்னே இழுத்துச் சென்றான்.

உண்மையைச் சொன்னால், அப்பிள்ளைக்கும் எனக்கும் இடையே பேச ஒன்றுமில்லாதிருந்தது. அவனுக்குத் தமிழ் புரியும். பேச்சு தயங்கித் தயங்கித்தான் வரும். என் ஆங்கிலமோ அவன் காதுக்கு விந்தையாக ஒலித்தது. “நன்னா” என்று அழைப்பான், அடுத்த சொல் தேடுவான், கிடைக்காமல் போய்விடுவான். வந்து இரண்டு வாரம் இவ்வாறே கழிந்தது.

இந்நிலையை மாற்றியவர் அண்டை வீட்டு முதியவர். பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் மாலை, கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டி ஒன்றை எங்கள் முன் திறந்து வைத்தார். உள்ளே ஊசியில் குத்தப்பட்ட அந்துப்பூச்சிகள் வரிசை வரிசையாக இருந்தன. நம் ஊரில் அந்து என்றால் அரிசிப் பானையில் வருவது. அதற்கு ஓர் அழகு உண்டென்று யாரும் எண்ணுவதில்லை. இவற்றின் முன்சிறகுகளும் மரப்பட்டையின் சாம்பல் நிறமே. ஆனால் அவற்றின் கீழே இருந்த பின்சிறகுகளோ! செம்மை, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள், மையிருட்டு எனப் பட்டுப் புடவையின் கரைபோல் ஒளிர்ந்தன.

கேட்டோகலா என்பது இவற்றின் பேரினப் பெயர். ‘கீழே அழகுடையது’ என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1802இல் ஷ்ராங்க் என்னும் அறிஞர் இட்ட பெயர். வட அமெரிக்காவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பகலில் மரத்தில் அமரும்போது முன்சிறகால் பின்சிறகை மூடிக்கொள்ளும். அப்போது பட்டையையும் பூச்சியையும் பிரித்தறிதல் அரிது. பறவை நெருங்கிக் கொத்த வந்தால் சட்டெனச் சிறகை விரிக்கும். எதிர்பாராத வண்ணம் கண்டு பறவை ஒரு கணம் திகைக்கும்; அந்த ஒரு கணமே இதற்கு உயிர்.

தமிழாசிரியனாகிய என்னைக் கவர்ந்தவை அவற்றின் பெயர்கள். லின்னேயஸ் ஐரோப்பிய இனங்களுக்கு மணப்பெண் என்றும் மணமானவள் என்றும் பொருள்படும் இலத்தீன் பெயர்களைச் சூட்டினார். பின்வந்தோர் அம்மரபைத் தொடர்ந்தனர். அன்புக்குரியவள் என்று ஒன்று. பின்சிறகு கருத்தவற்றுக்குக் கைம்பெண், கண்ணீருடையவள், தேற்ற முடியாதவள் என்றெல்லாம் பெயர்கள். பொருளைக் கேட்டறிந்து பேரனுக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ‘தேற்ற முடியாதவள்’ என்னும் பெயர் வந்தபோது என் குரல் சற்றே நின்றது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை தேடத் தொடங்கினோம். ஒரு வாரம் ஒன்றும் அகப்படவில்லை. ஜூலை முதல் வாரத்தில், நாள்தோறும் நாங்கள் கடந்து சென்ற ஓக் மரத்திலேயே பேரன் விரலால் சுட்டினான். எனக்குப் பட்டை மட்டுமே தெரிந்தது. அவன் விரல் நுனிக்கு ஒரு சாண் தொலைவில், பட்டையின் ஒரு துண்டு மெல்ல அசைந்தது. மறுகணம் செந்நிறம் மின்னிப் பறந்து மறைந்தது. ஓக் இலையை உண்டு வளரும் ‘இலியா’ என்னும் இனம் அது. அதன் பின்னர் இலியாவை எளிதாகக் கண்டோம். ஆனால் இலியாவை மட்டுமே கண்டோம்!

இதன் காரணத்தை அம்முதியவர் விளக்கினார். அவ்வூரில் உள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்திலேயே இது பற்றி ஆய்வுகள் நடந்துள்ளன. பியட்ரெவிச், காமில் என்னும் ஆய்வாளர் இருவர் நீலநிற ஜே பறவைகளுக்கு இப்பூச்சிகள் அமர்ந்திருக்கும் மரப் படங்களைக் காட்டினர். ஒரே இனத்தின் படம் தொடர்ந்து வந்தபோது பறவையின் தேர்ச்சி வளர்ந்தது. இரண்டு இனங்களைக் கலந்து காட்டியபோது வளரவில்லை. 1979இல் வெளியான முடிவு இது. ஒன்றைத் தேடப் பழகிய கண் மற்றொன்றைத் தவறவிடுகிறது. பறவைக்கு மட்டுமா இது பொருந்தும்?

அதே பல்கலைக்கழகத்தின் தியோடர் சார்ஜென்ட் என்னும் பேராசிரியர் இப்பூச்சிகளைப் பற்றித் தனி நூலே எழுதி 1976இல் வெளியிட்டார். தன் நிறத்திற்கு ஏற்ற மரத்தை இது எவ்வாறு தேர்கிறது? தன் உடலைத் தானே பார்த்து ஒப்பிடுகிறதா? இதனை அறிய அவர் பூச்சிகளின் கண்ணைச் சுற்றியுள்ள செதில்களுக்கு வேறு நிறம் பூசினார். பூசிய பின்னும் அவை தமக்குப் பழைய நிறத்திற்குரிய பின்னணியையே நாடின. தோற்றத்தை மாற்றினாலும் இயல்பு மாறவில்லை.

பகல் தேடலோடு இரவு வேட்டையும் தொடங்கியது. இனிப்புக் கலவையை அந்தி வேளையில் மரங்களில் பூசினால், அதனை உண்ண இவை இரவில் வரும். பழுப்புச் சர்க்கரை, கனிந்து கறுத்த வாழைப்பழம், பீர், ஒரு துளி ரம் என்று முதியவர் பக்குவம் சொன்னபோது என் மகள் முகம் போன போக்கை என்னென்பேன்! “அத்தா, இந்த வீட்டில் அது நுழையாது” என்றாள். நானும் அக்கருத்தினனே. இந்தியக் கடையில் வெல்லம் வாங்கி, வாழைப்பழத்தோடு பிசைந்து, பாத்திரத்தை வெளித் திண்ணையில் வைத்தேன். மூன்றாம் நாள் அது தானே பொங்கி நுரைத்துப் புளித்த வாடை வீசியது. “நன்னா, நாம் வாங்கவில்லை, ஆனால் செய்துவிட்டோம்!” என்று பேரன் சிரித்தான். அவன் என்னிடம் பேசிய முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுவே.

இருள் கவிந்ததும் செந்நிறக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கோடு மரம் மரமாகச் செல்வோம். செவ்வொளி அவற்றை அவ்வளவாக மருட்டுவதில்லை. எங்கள் வெல்லப் பாகில் எறும்பும் வண்டும் மொய்த்த இரவுகளே மிகுதி. சில இரவுகளில் இரண்டு கண்கள் தணல்போல் ஒளிரும். அப்போது மூச்சை அடக்கிக் கண்ணாடிக் குப்பியை மேலே கவிழ்ப்போம்.

பிடித்ததை உறைபெட்டியில் வைத்துக் கொல்ல வேண்டும். இது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. முதியவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் வகுத்த நெறி இது: ஓரினத்திற்கு ஒன்றே ஒன்று, ஏற்கெனவே உள்ளதைத் தொடாதே, முட்டை தாங்கிப் பருத்த பெண்ணை விட்டுவிடு, எடுத்த உயிருக்குக் கடனாக, அதன் குறிப்பை எழுது. ஒவ்வோர் ஊசியிலும் பூச்சிக்குக் கீழே சிறு சீட்டு ஒன்று: கிடைத்த இடம், நாள், பிடித்தவர் பெயர். ஆண்டிற்கு ஒரே தலைமுறைதான் இவற்றுக்கு. பட்டையிடுக்கில் இடப்பட்ட முட்டை குளிர்காலத்தைக் கடக்கும், வேனிலில் புழுவாகும், கோடையில் சிறகு பெறும். எந்த நாளில் எது பறந்தது என்னும் குறிப்பே பின்வருவோர்க்குச் செல்வம். சீட்டு இல்லாத பூச்சி வெறும் பிணம் என்றார் அவர்.

ஏடுகளோடு வாழ்ந்த எனக்கு இது புதிதன்று. எவ்வூரில், எவர் இல்லத்தில் கிடைத்த சுவடி என்று குறிக்காத ஆய்வேட்டை நானே பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில், பேரன் பள்ளிக்கு வேண்டியன வாங்கத் தாயோடு சென்றிருந்த வேளை, வெண்பட்டைப் பிர்ச் மரத்தில் ‘ரெலிக்டா’வைக் கண்டேன். ‘விடப்பட்டவள்’ என்பது அதன் பொருள். வெண்மையில் கருங்கோடுகள் இழைந்த முன்சிறகு. கருமையில் வெண்பட்டை ஓடும் பின்சிறகு. கோடை முழுதும் அவன் வேண்டியது அதனையே. பிடித்தேன், நாளைக் குறித்த சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டை சலவைக்குச் சென்றது, சீட்டு கூழாயிற்று.

சில நாள் கழித்துப் பூச்சியை ஊசியில் பொருத்தும்போது நாள் நினைவுக்கு வரவில்லை. ‘ஆகஸ்ட் 24’ என்று மனம் போனபடி எழுதி வைத்தேன். ஓரிரு நாள் முன்பின் இருந்தால் உலகம் கவிழ்ந்துவிடுமா?

அன்றிரவு பேரன் தன் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தான். “நன்னா, அன்று நாம் எல்லோரும் பாஸ்டனில் இருந்தோமே!” என்றான்.

அன்பர்களே, அக்கணத்தில் என் நாவில் முதலில் வந்து நின்றது உண்மையன்று. ‘நீ தவறாகக் குறித்திருப்பாய்’ என்னும் சொல்லே வந்து நின்றது. பெரியவன் நான், ஆசிரியன் நான். சொல்லியிருந்தால் அவன் நம்பியிருப்பான். தன் குறிப்பேட்டையும் திருத்தியிருப்பான். அதை எண்ணியபோதுதான் நடுங்கினேன். “சீட்டைத் தொலைத்துவிட்டேன், கண்ணே. அந்த நாளை நானே இட்டுக்கட்டினேன்” என்றேன்.

அவன் கோபம் கொள்ளவில்லை. சிறு கத்தரியால் அச்சீட்டை அகற்றி, ‘2019 ஆகஸ்ட், நாள் தெரியவில்லை’ என்று புதிதாக எழுதினான். சற்று எண்ணிப் பார்த்து, பிடித்தவர் பெயரை எழுதும் இடத்தில் ‘நன்னா’ என்று தமிழ் எழுத்தில் எழுதினான். அவ்வெழுத்துகளை நான்தான் அக்கோடையில் கற்பித்திருந்தேன்.

மறுநாள் முதியவர் பெட்டியைப் பார்த்தார். ஒன்பது பூச்சிகள் இருந்தன. குறையுள்ள அச்சீட்டை நெடுநேரம் நோக்கி, “இது இருப்பதால் மற்ற எட்டையும் நம்பலாம்” என்றார்.

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். பெட்டி மகள் வீட்டில் இருக்கிறது. பேரன் இன்று என்னைவிட உயரம். இப்போதெல்லாம் படம் எடுத்து நாள் குறிப்பதோடு விட்டுவிடுகிறான். ஒவ்வொரு கோடையிலும் தொலைபேசியில் அழைத்து எந்த மரத்தில் எது அமர்ந்திருந்தது என்று தமிழிலேயே சொல்கிறான்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் நாளை ஆய்வு செய்வீர்கள்; நூல் எழுதுவீர்கள்; பிறர்க்கு ஆசிரியர் ஆவீர்கள். தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று எழுத உங்கள் கை கூசாதிருக்கட்டும். அதனை எழுதக் கற்றுக்கொள்ள எனக்கு அறுபது ஆண்டும், ஒரு வெண்சிறகுப் பூச்சியும், ஒரு சிறுவனும் தேவைப்பட்டனர். உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம்.