உறையில் விடுபட்ட பெயர்கள்

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தில் ஒரு பாடகர் தம் 76ஆம் வயதில் காலமானார். மறுநாள் காலை நம் இல்லத்திற்கு வந்திருந்த தங்கையின் மகன் முகம் வாடி அமர்ந்திருந்தான். உறவினர் எவருக்கேனும் ஏதேனும் நேர்ந்துவிட்டதோ என்று நாம் பதறிப்போனோம். “ஒன்றுமில்லை மாமா, ஆஸி ஆஸ்போர்ன் இறந்துவிட்டார்” என்றான்.

அப்பெயரை நாம் கேட்டதில்லை. ‘ஹெவி மெட்டல்’ என்னும் அந்த இசையையும், அவன் காதில் மாட்டியிருக்கும் கருவியிலிருந்து கசியும் இரைச்சலாக மட்டுமே அறிவோம். அவன் கைப்பேசியில் ஒரு பாடலைப் போட்டுக் காட்டினான். பாதி கேட்குமுன்பே “போதும் தம்பி” என்று கூறிவிட்டோம். ஆயினும் பையனின் துக்கம் மெய்யானது. துக்கத்தை ஏளனம் செய்வது பெரியவர்களுக்கு அழகன்று. எனவே அம்மனிதரைப் பற்றிச் சொல்லும்படி கேட்டோம். அன்று தொடங்கிய பேச்சு, நாம் எதிர்பாராத ஓரிடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியது.

1948ஆம் ஆண்டு ஓர் ஏழைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து, பர்மிங்காம் நகரின் ஆஸ்டன் பகுதியில் வளர்ந்தவர் ஆஸி. சிறு திருட்டு ஒன்றிற்காகச் சிறை சென்றார். ஆடு மாடு அறுக்கும் கூடத்தில் வேலை பார்த்தார். பின்னர் நண்பர் மூவருடன் சேர்ந்து ‘பிளாக் சபாத்’ என்னும் குழுவில் பாடகரானார். 1970இல் அவர்களின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. குடியும் போதையும் மிகுந்து 1979இல் குழுவினராலேயே விலக்கப்பட்டார். அத்துடன் முடிந்துபோயிருக்க வேண்டியவர் மீண்டும் எழுந்தார். எழுந்ததோடு நில்லாமல் முன்னிலும் பன்மடங்கு புகழ் அடைந்தார். 2025 ஜூலை 5ஆம் நாள், நடுக்குவாத நோயால் நிற்கவும் இயலாத நிலையில், தாம் வளர்ந்த பகுதியிலுள்ள வில்லா பார்க் விளையாட்டரங்கில் ஓர் ஆசனத்தில் அமர்ந்தபடியே இறுதியாகப் பாடினார். அவரைக் காண 40,000 பேருக்குமேல் திரண்டிருந்தனர். பதினேழாம் நாள் உயிர் பிரிந்தது. மேடையில் வௌவாலின் தலையைக் கடித்தது போன்ற அவருடைய அருவருப்பான செயல்களும் சில உண்டு. அவற்றை நாம் இங்கு விரிக்கப் போவதில்லை.

நம் கவனத்தை ஈர்த்தது அவர் மீண்டெழுந்த வரலாறு. மருமகன் அதைத் தயங்கித் தயங்கியே சொன்னான். தான் நேசிப்பவரின் குறையைச் சொல்ல நேரும்போது எவருக்கும் நாக்கு இடறுவது இயல்புதானே!

1980இல் ஆஸி தனித்து வெளியிட்ட ‘பிளிசார்ட் ஆஃப் ஆஸ்’ என்னும் இசைத்தட்டும், 1981இல் வந்த ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ என்பதுமே அவரை நிலைநிறுத்தியவை. அவற்றை அவர் தனியே ஆக்கவில்லை. கித்தார் வாசித்தவர் ராண்டி ரோட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர். 1982 மார்ச்சில் ஒரு சிறு விமானம் மோதி 25 வயதிலேயே மாண்டவர். பேஸ் கித்தார் வாசித்தவர் ஆஸ்திரேலியரான பாப் டெய்ஸ்லி. டிரம் முழக்கியவர் லீ கெர்ஸ்லேக் என்னும் ஆங்கிலேயர். பாடல் வரிகளில் பெரும்பகுதி தம்முடையவை என்று டெய்ஸ்லி பல்லாண்டுகளாகக் கூறிவந்தார். உலகெங்கும் விளையாட்டு மைதானங்களில் முழங்கும் ‘கிரேஸி டிரெய்ன்’ பாட்டும் அவற்றுள் ஒன்று. அதற்கு ஆக்கியோர் என ஆஸி, ரோட்ஸ், டெய்ஸ்லி மூவர் பெயரும் உண்டு. ஆனால் கேட்கும் கோடிக்கணக்கானோருக்கு அது ஆஸியின் பாட்டு. அவ்வளவே.

இரண்டாம் இசைத்தட்டு வெளிவருமுன் டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும் நீக்கப்பட்டனர். அத்தட்டின் உறையில், வாசித்தவர்கள் என்று ருடி சார்சோ, டாமி ஆல்ட்ரிஜ் ஆகிய இருவரின் பெயர்களும் படங்களும் அச்சாயின. அவ்விருவரோ அதில் ஒரு சுரம்கூட வாசிக்காதவர்கள்; பின்னர் குழுவில் சேர்க்கப்பட்டவர்கள். வாசித்தவர்களின் பெயர் இல்லை, வாசிக்காதவர்களின் பெயர் உண்டு! இதைக் கேட்டதும் நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஏனெனில், ஓர் ஹதீஸைச் சொல்லும்போது அது யாரிடமிருந்து யார் கேட்டது என்னும் தொடரில் ஒரு பெயர் விடுபட்டாலும், ஒரு பெயர் மாறினாலும், அந்த அறிவிப்பையே ஐயத்துடன் நோக்கும்படி பயிற்றப்பட்டவர்கள் நாம். அத்தகைய காதுக்கு இந்தச் செய்தி பாட்டின் இரைச்சலைவிட உரக்கக் கேட்டது.

1983இல் வந்த ‘பார்க் அட் தி மூன்’ தட்டில் நிலை இன்னும் ஒருபடி மேலே போயிற்று. எல்லாப் பாடல்களையும் ஆக்கியவர் ஆஸி ஒருவரே என்று அச்சாயிற்று. அதில் கித்தார் வாசித்த ஜேக் ஈ. லீ, தம் பங்கை மறைக்கும் ஒப்பந்தத்தைப் பதிவெல்லாம் முடிந்த பின்பு தம் முன்னே நீட்டியதாகவும், வேறு வழியின்றிக் கையொப்பமிட்டதாகவும் பிற்காலத்தில் கூறினார். டெய்ஸ்லியோ, தம் பெயருக்குப் பதிலாகப் பணம் பெற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

இவ்விடத்தில் நமக்குக் கைரவானைச் சேர்ந்த இப்னு ரஷீக் நினைவுக்கு வந்தார். கிறித்தவ ஆண்டுக் கணக்கில் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பேரறிஞர், ‘அல்உம்தா’ என்னும் தம் நூலில் கவிதைத் திருட்டை வகை வகையாகப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறார். ஒருவன் ஆக்கிய அழகிய அடியை, அவனைவிடப் பேரும் எட்டும் குரலும் மிக்க ஒருவன் எடுத்துக்கொள்ள, மக்கள் அதை அப்புகழாளனுடையதென்றே ஓதத் தொடங்கிவிடுவது ஒரு வகை. அதற்கு ‘இகாரா’ என்று பெயர். கொள்ளைப் பாய்ச்சல் என்று பொருள். பெருங்கவிஞர் ஃபரஸ்தக் இக்கலையில் கைதேர்ந்தவர்! மிரட்டிப் பறிப்பது ‘கஸ்ப்’. ஒருவன் தன் அடிகளைத் தோழனுக்கு மனமுவந்து அளிப்பது ‘முராஃபதா’. ஜரீர் துர்ருமாவுக்கு அவ்வாறு அளித்ததுண்டு. அது குற்றமன்று. ஜேக் லீ கூறுவது மெய்யாயின் அது ‘கஸ்ப்’ என்று எளிதில் சொல்லிவிடலாம். டெய்ஸ்லி பணம் பெற்றுக்கொண்டு ஒதுங்கியதை எதில் சேர்ப்பது? விற்பனையா, கொடையா, பறிப்பா? பசித்தவன் விற்பதை மனமுவந்த விற்பனை என்று கொள்ளலாமா? இப்னு ரஷீகின் பட்டியலில் நமக்கு விடை கிடைக்கவில்லை.

புகழுடன் பழியும் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் தட்டில் குடியின் கேட்டைப் பற்றிய ஒரு பாட்டு இருந்தது. மதுவால் மாண்ட இசைக்கலைஞர் பான் ஸ்காட்டை எண்ணிப் பாடியது என்றார் ஆஸி; ஆஸியின் குடியை எண்ணித் தாமே எழுதியது என்றார் டெய்ஸ்லி. 1984இல் கலிஃபோர்னியாவில் ஓர் இளைஞன் ஆஸியின் பாடல்களைக் கேட்ட இரவில் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். பெற்றோர் தொடுத்த வழக்கில் பழி அப்பாட்டின்மேல் விழுந்தது, தூற்றப்பட்டவர் ஆஸிதான். 1988இல் மேல்முறையீட்டு மன்றமும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பெயர் பெற்றவன் அடியும் பெறுகிறான் என்று மருமகன் தன் தலைவனுக்காக வாதாடினான். அதில் நியாயம் இல்லாமலில்லை. மெட்டின் போக்கைப் பாடிக் காட்டியதும், அச்சொற்களுக்கு உயிர் கொடுத்ததும் ஆஸியின் குரல்தான் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் 2002இல் நடந்ததற்கு அவனாலும் வாதாட முடியவில்லை. ஊதியப் பங்கு கேட்டு இருவரும் வழக்குத் தொடுத்திருந்த காலம் அது. அவ்வாண்டு அவ்விரு தட்டுகளும் மறுபதிப்பாயின. டெய்ஸ்லியின் பேஸ் கித்தாரும் கெர்ஸ்லேக்கின் டிரம்மும் அவற்றிலிருந்து அடியோடு அழிக்கப்பட்டு, வேறு இருவரைக் கொண்டு புதிதாக வாசித்துச் சேர்க்கப்பட்டன. பெயரை மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறோம். கையின் உழைப்பையே துடைத்தெடுப்பதை அன்றுதான் கேட்டோம். அதே ஆண்டில்தான் ஆஸியின் குடும்ப வாழ்வைக் காட்டும் தொலைக்காட்சித் தொடர் தொடங்கி, அவரை வீடுதோறும் விருந்தாளியாக்கிற்று. அந்த முடிவு தம் மனைவி ஷாரன் எடுத்தது என்று ஆஸி பின்னர் எழுதினார். 2003இல் அமெரிக்க நீதிமன்றம் இருவரின் வழக்கையும் தள்ளிவிட்டது. ரசிகர்கள் ஓயவில்லை. 2011 மறுபதிப்பில் பழைய வாசிப்பு திரும்பி வந்தது.

கெர்ஸ்லேக் வழக்கில் பொருளிழந்து நொந்தார், புற்றுநோயும் பற்றிக்கொண்டது. சாகுமுன் ஒரே ஓர் ஆசை என்றார். அவ்விரு தட்டுகளும் பெருவாரியாக விற்றதற்கு வழங்கப்படும் பிளாட்டினப் பட்டயங்கள் தம் வீட்டுச் சுவரில் தொங்கவேண்டும் என்பதே அது. ஆஸி அவற்றை அனுப்பிவைத்தார். 2019 ஜனவரியில் அவை அவர் கைக்குக் கிட்டின. 2020 செப்டம்பரில் கெர்ஸ்லேக் இறந்தார். பணத்தையன்று, சட்டமிட்ட இரண்டு தட்டுகளைக் கேட்டிருக்கிறார் மனிதர்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு மருமகன், “நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் மாமா?” என்று கேட்டான். அவன் விளையாட்டாய்க் கேட்டதுதான். நமக்கு வாயடைத்துப் போயிற்று.

2003இல் அரபி இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் சிறு பாடநூல் ஒன்றை நாம் வெளியிட்டோம். சில மதரஸாக்களில் இன்றும் அது நடத்தப்படுகிறது. ஸர்ஃப் பகுதியின் வினை அட்டவணைகள் அனைத்தையும் இரவெல்லாம் விழித்திருந்து வரைந்தவர், அக்காலத்தில் நம்முடன் பணியாற்றிய, நம்மினும் பத்து வயது இளைய ஆசிரியர் ஒருவர். நூலில் மூன்றில் ஒரு பங்கு அது. இரு பெயர் இருந்தால் யாருடைய நூல் என்று மக்கள் குழம்புவர் என்றார் அச்சிட்டவர். நாம் தலையசைத்தோம். முன்னுரையில் ‘உதவிய நண்பர்களுக்கு நன்றி’ என்று ஒரு வரி எழுதியதோடு நம் மனச்சாட்சி உறங்கிவிட்டது. அவர் கேட்கவில்லை, பிறகு வேறூர் சென்றுவிட்டார். நான்கு பதிப்புகள் போயின. நூலைப் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் புகழ்ந்தது அந்த அட்டவணைகளைத்தான். நாமும் அடக்கத்துடன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டோம். ஆஸிக்காவது அந்தப் பட்டயங்களை அனுப்பத் தோன்றிற்று.

அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. பலரிடம் கேட்டு அவருடைய எண்ணைப் பெற ஒரு வாரமாயிற்று. தொலைபேசியில் ஸலாம் சொல்லி, ஐந்தாம் பதிப்பின் அட்டையில் அவர் பெயரும் இடம்பெற வேண்டும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னோம். மன்னிப்பும் கேட்டோம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. கோபமோ என்று அஞ்சினோம்.

“பெயர் இருக்கட்டும் ஹஜ்ரத். ‘வகா’ வினையின் அட்டவணையில் ஏவல் வடிவம் ‘கி’ என்று ஓரெழுத்துத்தான். நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அச்சில் விழவில்லை, கட்டம் வெறுமையாக இருக்கிறது. நான்கு பதிப்பிலும் பார்த்துவிட்டேன். இந்த முறையாவது போட்டுவிடுங்கள்” என்றார்.

எழுந்துபோய் நூலை எடுத்துப் பார்த்தோம். கட்டம் வெறுமையாகவே இருந்தது.