கண்ணாடியும் கயிறும்

ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழக்கம்போலத் தாய்மொழியின் சிறப்பைப் பற்றியே எழுத எண்ணியிருந்தேன். ஆனால், சென்ற மாசி மாதச் சனிக்கிழமை ஒன்றில், வகுப்பு முடிந்த பின் நிகழ்ந்த ஒரு சம்பவம் என் எண்ணத்தை மாற்றிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நெஞ்சிற் பூட்டி வைத்திருந்ததை அன்று ஒரு மாணவனிடம் சொன்னேன். இன்று உங்களிடமும் சொல்லத் துணிகின்றேன்.

எங்கள் மேல்வகுப்பு மாணவன் ஒருவன் தந்தையின் துணையுடன் மொன்ட்ரியால்-நோரில், வாடகைக் கராஜ் ஒன்றில், தன் கையாலேயே ஒரு காரைக் கட்டி வருகின்றான். பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தளம். அதன் மேல் பைபர்கிளாஸ் உடல். "சேர், ஒருக்கா வந்து பாருங்கோ" என்று பலமுறை அழைத்திருந்தான். அன்று போனேன். வெளியே உறைமழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே தந்தையும் மகனும் முன்கண்ணாடி பூட்டும் வேலையில் ஈடுபட்டிருந்தனர்.

அந்த வேலை பார்க்க அழகானது. கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி றப்பர் வாரை மாட்டுவார்கள். அந்த வாரின் வெளிப்புறப் பள்ளத்தில் மெல்லிய கயிறொன்றைச் சுற்றிப் பதித்து, அதன் முனைகளைக் காரின் உட்பக்கம் தொங்கவிடுவார்கள். சவர்க்கார நீர் பூசிச் சட்டத்தில் வைத்து, வெளியே நிற்பவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் கயிற்றைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். கயிறு வர வர, றப்பரின் உதடு சட்டத்தைக் கவ்விக்கொள்ளும். தனியொருவரால் இயலாத காரியம்.

"சேர், நீங்கள் உள்ளுக்கு இருந்து கயிற்றை இழுங்கோ" என்றான்.

கயிறு கையில் வந்ததும் என் விரல்கள் விறைத்தன. அப்போதுதான் கண்ணாடியின் மூலையைக் கவனித்தேன். காப்புக் கண்ணாடிக்குரிய முத்திரை எதுவும் அதில் இல்லை.

"தம்பி, இது எங்கே வாங்கினது?"

"வீட்டு யன்னலுக்குக் கண்ணாடி வெட்டுற கடையில, சேர். மலிவு. இதுவும் கண்ணாடிதானே?"

நான் கயிற்றை விட்டுவிட்டேன்.

1992ஆம் ஆண்டு. எனக்குப் பன்னிரண்டு வயது. 1990இல் மீண்டும் மூண்ட போருடன் வந்த பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரமும் இல்லை. ஆனாலும் எங்கள் மெக்கானிக்குகள் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சாகவிடவில்லை. காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். வடமராட்சியில் எங்கள் அயலில் இருந்த அண்ணை ஒருவரிடம் மொறிஸ் மைனர் ஒன்று இருந்தது. 1956க்கு முன் வந்த மைனர்களுக்கு முன்கண்ணாடி நடுவே பிரிக்கப்பட்டு, இரண்டு தட்டையான துண்டுகளாக இருக்கும். ஷெல் விழுந்த அதிர்ச்சியில் அவை இரண்டும் நொறுங்கிப் போயின. வேறு கண்ணாடிக்கு எங்கே போவது? ஆசிரியராயிருந்த என் தந்தையார் தமது புத்தக அலுமாரியின் கண்ணாடிகளைக் கழற்றிக் கொடுத்தார். எங்கள் வீட்டுக் கண்ணாடி ஊர்க் காரில் ஓடுகிறது என்ற பெருமை எனக்கு.

பற்றரியில் எஞ்சியிருந்த மின்சாரம் எஞ்சினின் பொறிக்கே போதாது. ஆகவே வைப்பரை மோட்டரிலிருந்து விடுவித்து, அதன் கையிற் கயிறு கட்டி, இரு முனைகளையும் இரு பக்கக் கதவு யன்னல்களூடாக உள்ளே எடுத்திருந்தார் அண்ணை. பக்கத்தில் இருப்பவர் மாறி மாறி இழுக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்த உத்தியோகம் என்னுடையது.

கார்த்திகை மாத நள்ளிரவொன்றில் அயலிலிருந்த அக்கா ஒருவருக்குப் பிரசவ வலி கண்டது. மந்திகை வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். பேய்மழை. மங்கிய வெளிச்சம். இடப்பக்கம், வலப்பக்கம் என்று கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தேன். கைகள் சோர்ந்தன, கண்கள் செருகின. எவ்வளவு நேரம் உறங்கினேனோ அறியேன். கண் விழித்தபோது கார் ஒழுங்கை முடக்கிற் பனையொன்றில் மோதி நின்றது. அலுமாரிக் கண்ணாடி வாள்வாளாகப் பிளந்து அண்ணையின் முகத்திற் பாய்ந்திருந்தது.

சால்வையால் முகத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியற்ற காரை அவரே மழைக்குள் ஓட்டி வைத்தியசாலை சேர்த்தார். குழந்தை சுகமாகப் பிறந்தது. அண்ணையின் இடக்கண் பார்வை மட்டும் திரும்பவில்லை. "நாயொன்று குறுக்கே வந்திட்டுது" என்றே ஊராரிடம் சொன்னார். நான் உறங்கியது அவருக்குத் தெரியும். என் தந்தையாரிடங்கூட அவர் அதைச் சொன்னதில்லை.

இதை நான் சொல்லி முடித்தபோது கராஜிற் பேச்சில்லை. பின்னர், ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால், அந்தப் பையனுக்குக் கண்ணாடியின் கதையையும் சொன்னேன். சாதாரண யன்னற் கண்ணாடி உடையும்போது கத்தியாகிறது. காரின் முன்கண்ணாடியோ இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையில் ஒளிபுகும் பிளாஸ்ரிக் படலம் ஒட்டப்பட்டது. விரிசல் விட்டாலும் துண்டுகளைப் படலம் பற்றிக்கொள்ளும். எட்வார் பெனடிக்ரஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். வைப்பரைக் கண்டவர்களுள் முன்னோடியான மேரி அன்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணிக்கு 1903இற் காப்புரிமை கிடைத்தது. அவருடைய வைப்பரும் உள்ளிருந்து கையால் இயக்குவதே! பனி பொழியும் நாளொன்றில் நியூயோர்க் ட்ராம் சாரதியின் அவதியைக் கண்டதே அதற்குத் தூண்டுதலென்பர்.

தந்தை ஒன்றும் பேசவில்லை. றப்பரைக் கழற்றி, அந்தக் கண்ணாடியை இறக்கிச் சுவரோடு சாத்தி வைத்தார். காட்போட் மட்டையிற் சட்டத்தின் அளவை வெட்டி எடுத்துச் சென்று, காப்புக் கண்ணாடிக்குச் சொல்லிவைத்தார்கள்.

பங்குனியில் மறுபடியும் அழைத்தான். இம்முறை நானே கயிற்றை இழுத்தேன். கண்ணாடி ஒழுங்காக அமர்ந்தது. அடுத்து வைப்பர். முதலில் மோட்டரை ஓடவிட்டு, அது ஓய்வு நிலையில் தானாக நின்ற பின்பே கைகளை அச்சில் மாட்டினான். வீச்சின் இரு எல்லைகளையும் சோக்கினாற் குறித்து, அலகு சட்டத்தில் முட்டாதபடி சரிசெய்தான். உலர்ந்த கண்ணாடியில் ஓட்டினாற் கீறல் விழும் என்று நீரூற்றிய பின்பே விசையைத் தட்டினான். அலகு ஒருமுறை சென்று மீண்டது. கண்ணாடிக்கு அப்பால் வீதியும், கரையத் தொடங்கிய பனிக்குவியலும் துலக்கமாகத் தெரிந்தன.

"சேர், இனி ஒருத்தரும் கயிறு இழுக்கத் தேவையில்லை" என்றான் சிரித்தபடி. அவனுக்குப் பின்னால் நின்ற தந்தை கண்களைத் துடைத்துக்கொண்டார்.

மாணவச் செல்வங்களே! போரின் பின் 2010இல் அகதியாக இந்நாட்டுக்கு வந்தபோது, ஊரில் வாத்தியாராயிருந்த நான் உங்களுக்குக் கொடுக்க இலக்கணம் ஒன்றுதான் என்னிடம் உண்டு என்று நினைத்திருந்தேன். நாம் பட்ட காயங்களிலும் உங்களுக்குப் பயன்படும் அறிவு இருக்கிறதென்பதை உங்களில் ஒருவனே எனக்குக் கற்றுத் தந்தான். பெற்றோரிடம் கேளுங்கள், கேட்டாற் சொல்லுவார்கள்.

அந்த அண்ணை 2004இற் காலமானார். அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. குறுக்கே நாய் எதுவும் வரவில்லை. நான்தான் உறங்கிப்போனேன்.